பின்னுக்குப் போகாத கால்

நேற்று, கால் வராதவர்களுக்காக நீங்கள் செய்த கருவியைப் பார்த்தேன். முதுகில் பாட்டரி. இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார். கட்டிக்கொண்டவர் எழுந்தார், நடந்தார், படியேறி இறங்கினார். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பொறாமையாக இருந்தது. பொறாமை எனக்குப் பழகிய சாமான்.

என்னைப் பேசச் சொன்னீர்கள். ஐந்தாவது வரை படித்தவன், மேடையில் பேச வராது. ஒன்று மட்டும் கேட்டேன். இவர் பின்பக்கமாக நடப்பாரா என்று. சிலர் சிரித்தீர்கள். "யாருங்க ஐயா பின்பக்கமா நடக்கறாங்க?" என்று ஒரு பெண் கேட்டார். தப்பில்லை. அதற்குப் பதில் நின்ற இடத்தில் சொல்கிற அளவு சின்னதில்லை. எழுதித் தருகிறேன்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் பம்புசெட் செய்யும் பட்டறையில் நான் ஃபிட்டராக இருந்தேன். ஐம்பதுகளின் பாதியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதலாளியிடம் ஆள் கேட்டார்கள். இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பிய கால்களுக்கு இரும்பில் தாங்கி செய்ய வேண்டும். முதலாளி என்னைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஒரு லேத்து, ஒரு டிரில், இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ். நான்தான் மேஸ்திரி, நான்தான் ஆள்.

தாங்கிக்குக் காலிப்பர் என்று பெயர். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை. தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல் பட்டி. கீழே பூட்ஸ். முழங்கால் மூட்டில் ஒரு வளையம். வளையத்தைக் கீழே தள்ளினால் கால் கம்பு மாதிரி நிற்கும், நடக்கலாம். மேலே தூக்கினால் மடங்கும், உட்காரலாம். அவ்வளவுதான் கருவி.

இரண்டு வருடம் தனியாகச் செய்தேன். இரும்பு வேலையில் ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்குப் போனவர்கள் காலிப்பரைக் கழற்றி மூலையில் வைத்துவிடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரிய வந்தது. தொடையில் உரசிப் புண்ணாகிறது. டாக்டர் தோல் வேலைக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்தார்.

அவர் பெயர் ஜப்பார். கோட்டைமேட்டுக்காரர். ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்தவர். ஊரில் பஸ் பெருகிக் குதிரை குறைந்ததால் எங்கள் கொட்டகைக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னை மேஸ்திரி என்பார். முதல் நாளே டாக்டரிடம் சொன்னார்.

"மேஸ்திரி எலும்பு செய்யட்டுங்க. நான் சட்டை தெச்சுக் கொடுக்கறேன்."

எனக்கு அது பிடித்தது. எலும்புதானே பெரிது என்று நினைத்தேன்.

ஆறு மாதத்தில் நிலைமை வேறாகிவிட்டது. வருகிறவர்கள் வாசலிலேயே "பாய் இருக்காருங்களா?" என்று கேட்டார்கள். ஊரிலிருந்து நிலக்கடலை வரும், கருப்பட்டி வரும், வெள்ளரிப்பழம் வரும். பாய் தொழுகைக்குப் போயிருந்தால் என் கையில் கொடுத்து "பாய்கிட்டக் குடுத்துருங்க" என்பார்கள். நான் வாங்கி வைத்து அவரிடம் கொடுப்பேன். அவர் அதில் பாதியை என் மேஜையில் வைப்பார். அந்தப் பாதியை நான் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. கொட்டகையிலேயே எறும்பு தின்னும்.

அவர் என்ன செய்தார் என்று பார்த்தேன். நான் நின்றுகொண்டு டேப் வைத்து அளப்பேன். "காலைக் காட்டு" என்பேன். அவர் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்வார். அளக்க மாட்டார். முதலில் பேச்சு. "என்ன வேலை பாக்கறீங்க? ஊட்டுல மாடு இருக்குதா? தண்ணிக்கு எங்க போறீங்க?" கால் மணி நேரம் போகும். வேலையைத் தட்டிக் கழிக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

ஒரு சின்னப் பெண் மூன்று மாதமாக என் காலிப்பரைப் போட மாட்டேன் என்று அழுதது. அவர் தொடைப் பட்டிக்கு உள்ளே கம்பளி வைத்துத் தைத்தார். இரும்பு அதே இரும்பு. குழந்தை நடந்தது. டாக்டர் வந்து அவர் தோளில் கை வைத்தார். அந்த டாக்டர் அதுவரை என் தோளில் கை வைத்ததில்லை.

அன்று முதல் டாக்டர் என் தோளில் கை வைக்க வேண்டும் என்பதற்காகவே வேலை செய்தேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அப்போதுதான் சென்னியப்பன் வந்தான். தாராபுரம் பக்கம். இருபத்துமூன்று வயது. சிறு வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப் போனவன். அப்பா இல்லை. அம்மா இருந்தாள், தோட்டமும் ஒரு ஜோடி எருதும் இருந்தன. கிணறு பங்குக் கிணறு. வாரத்தில் இரண்டு நாள் இவர்கள் முறை, மற்ற நாள் பங்காளியின் முறை. முறை நாளில் இவர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த ஆள் மில் வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. இறைக்காத நாளில் தண்ணீர் பங்காளியின் வயலுக்குப் போனது. சித்திரைக்குள் சென்னியப்பன் தானே எருது கட்டி இறைக்காவிட்டால் முறையே பங்காளிக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். தண்ணீர் போனால் அங்கே நிலம் வெறும் மண்.

எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. கிணற்று மேட்டிலிருந்து ஒரு சரிவு இறங்கும். எருதுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது, கிணற்றில் கிடக்கும் சால் என்கிற பெரிய வாளி நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். எருதுகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவன் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வான். அவன் எடையும் சேர்ந்து இழுக்கும். அடியில் போய் எழுந்துகொள்வான். திரும்ப மேலே. திரும்பக் கீழே. காலையிலிருந்து மதியம் வரை இதுதான்.

வளையம் வைத்த காலிப்பரில் இது ஆகாது. ஒவ்வொரு தடவை உட்காரவும் குனிந்து வளையத்தைத் தூக்க வேண்டும். எழுந்ததும் தள்ள வேண்டும். இரண்டு கையிலும் கயிறு இருக்கும்.

வளையம் இல்லாத முழங்கால் செய்தேன். எங்கள் கொட்டகைக் கதவில் ஸ்பிரிங் உண்டு. திறந்து விட்டால் தானே சாத்திக்கொள்ளும். அதைப் பார்த்து வந்த யோசனை. உட்காரும்போது உடம்பின் பாரத்தில் ஸ்பிரிங் இறுகும். எழும்போது தூக்கிவிடும். நடக்கும்போது காலை முன்னால் எறிந்து நீட்டும். நீட்டியபின் மூட்டு ஓர் இரும்புத் தடுப்பில் போய் முட்டி நிற்கும், உட்காரும்வரை மடங்காது. ஸ்பிரிங் வளையும், உடையும். லாரி ஸ்பிரிங்கை வாங்கி வெட்டி உலையில் காட்டித் திரும்பச் சுற்றினேன். நான்கு மாதம். பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொடைப் பட்டி மட்டும் தைக்கச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் மேஜை இருந்த பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன், தீப்பொறி பறக்கிறது என்று.

"பொறி பறக்குதுங்களா, யோசனை பறக்குதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தை மாதம் கருவி தயார். சென்னியப்பன் போட்டுக்கொண்டான். சிமெண்ட் தரையில் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நடந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான், கை வைக்காமல் எழுந்தான். அவன் வாய் திறந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மெட்ராஸிலிருந்து இரண்டு டாக்டர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை நான் கஞ்சி போட்ட சட்டையில் போயிருந்தேன். அவர்கள் வர அரை மணி இருக்கும்போது பாய் சாக்கை விலக்கிக்கொண்டு வந்தார். சென்னியப்பனிடம் தன் வழக்கப்படி உட்கார்ந்து பேசினார். கவலை எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டார். அவன் கையை ஆட்டிச் சொன்னான். பிறகு பாய் என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, இவரை நாலு எட்டு பின்னுக்கு நடக்கச் சொல்லிப் பாருங்க."

"எதுக்கு?"

"குதிரைக்குப் புது வார் பூட்டினா மொதல்ல பின்னுக்குத் தள்ளித்தான் பாப்போம். முன்னுக்கு எந்தக் குதிரையும் போயிரும்."

அவர் சொன்ன நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கவலையில் சரிவில் இறங்கின எருதுகள் திரும்பி ஏறாது. பின்பக்கமாகவே ஏறும். ஓட்டுகிறவன் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவற்றோடு பின்பக்கமாகவே ஏறுவான், கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினாறு வயது வரை எங்கள் தோட்டத்தில் கவலை ஓட்டியவன் நான். ஆயிரக்கணக்கான தடவை பின்னுக்கு நடந்திருக்கிறேன். நான்கு மாதம் உட்காருவதையும் எழுவதையும் முன்னால் நடப்பதையும் மட்டும் நினைத்திருக்கிறேன். வாழ்க்கையில் கவலையைத் தொட்டிராத கோட்டைமேட்டு மனிதர் ஒரு பேச்சில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த அரை மணியில் நடக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடந்து பார்த்து விழுந்தான் என்றால், மெட்ராஸ் டாக்டர்கள் முன்னால் அது பாய் கண்டுபிடித்தது என்று ஆகும். நான் சொன்னேன்.

"நேரமில்லை பாய். அதெல்லாம் நான் பாத்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பாத்துட்டா சரிங்க" என்று போய்விட்டார்.

டாக்டர்கள் வந்தார்கள். சென்னியப்பன் நடந்தான். எங்கள் டாக்டர் என் தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

மதியத்துக்குமேல் யாருமில்லாதபோது சென்னியப்பனைப் பின்னுக்கு நடக்கவைத்துப் பார்ப்பது, குறையை நானே கண்டுபிடித்து நானே சரி செய்வது. இதுதான் என் திட்டம். வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று என்னையும் உட்காரவைத்தார்கள். திரும்பி வந்தால் கொட்டகையில் அவன் இல்லை. மறுநாளைக்கு மறுநாள் அவன் முறை. தாராபுரம் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான்.

நானும் பஸ் ஏறியிருக்கலாம். மறுநாள் முழுதும் இருந்தது. அவன் கிராமத்துப் பையன், சமாளித்துக்கொள்வான் என்று நினைத்தேன். ஸ்பிரிங் அவ்வளவு வலுவில்லை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வைஸில் ஏதோ அராவிக்கொண்டிருந்தேன். என்ன அராவினேன் என்று ஞாபகமில்லை.

பத்து நாள் கழித்து அவன் அம்மா வந்தாள். அவனை வண்டியில் கிடத்திப் பஸ் ஸ்டாண்டுக்கும், அங்கிருந்து இங்கேயும் கொண்டு வந்திருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

நடந்தது இது. மூன்றாவது சாலோ நாலாவது சாலோ. எருதுகளை மேலே ஏற்றும்போது வலது காலைப் பின்னால் எட்டி வைத்திருக்கிறான். நுனி மண்ணில் பட்டதும் ஸ்பிரிங் காலை நீட்டிவிட்டது. முன்னால் நடக்கும்போது தூக்கிவிடும் அதே ஸ்பிரிங் பின்னால் வைக்கும்போது ஆளைத் தள்ளிவிடும். சரிவில் முன்பக்கமாக, எருதின் பின்னங்கால்களுக்குள் விழுந்தான். எருது பின்னால் வந்துகொண்டிருந்தது. இடது பாதத்தை மிதித்துவிட்டது. அவனுக்கு இருந்த ஒரே நல்ல கால்.

அம்மா கொட்டகை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"ஏனுங் மேஸ்திரி, நீங்க செய்யற காலு முன்னுக்கு மட்டுந்தான் போகுங்களா?"

நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சிருந்தா நாங்க கெணத்தை முன்பக்கமாத் தள்ளி வெட்டியிருப்பமுங்க."

பாய் தன் மேஜையில் நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன்.

"முறை என்னாச்சுங்க?" என்று கேட்டேன்.

"நான் எறைக்கறேன்." துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினாள். "பொம்பளை எறைச்சா முறை ஆகாதுன்னு பங்காளி சொல்றாரு. சித்திரை வரைக்கும் பாப்பம்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள இவன் எந்திரிச்சா உண்டு."

பாதம் ஆற மாசி முழுதும் ஆனது. சென்னியப்பன் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். நான் காலையில் அவன் கட்டிலைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். "ஆத்தா போன முறைக்கு எத்தனை பாத்தி பாய்ச்சினாளோ" என்று பக்கத்துக் கட்டில்காரனிடம் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்த்தேன். பின்னால் தள்ளவில்லை, முன்னால் தூக்கவுமில்லை. தடுப்பை மாற்றிப் பார்த்தேன். ஒரு கொக்கி வைத்தேன். மூன்று வாரம் இரும்பிலேயே தேடினேன். பாயிடம் போகாமல் என்னென்ன உண்டோ அத்தனையும் செய்தேன். பங்குனி பிறந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் சாக்கைக் கழற்றினேன். மடித்து வைத்தேன். அவர் முன்னால் போய் நின்றேன்.

"பாய், குதிரை பின்னுக்குப் போறதுக்கு என்ன பூட்டுவீங்க?"

மூன்று வாரமாக நான் கேட்பேன் என்று காத்திருந்தவர் போல அவர் சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பேன். அவர் சும்மா சொன்னார்.

"தொடைக்குப் பின்னாடி ஒரு வார். குதிரை முன்னுக்குப் போறப்போ லூசாத் தொங்கும். பின்னுக்குப் போறப்போ விறைச்சுக்கும். வண்டியை அதுதான் தள்ளும். அது இல்லீன்னா குதிரை போகும், வண்டி அது மேலயே ஏறும்." பிறகு கையை நீட்டினார். "கொண்டாங்க அந்தக் காலை."

வார் இடுப்பு பெல்ட்டின் முன்பக்கத்தில் தொடங்கும். தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்கால் மூட்டுக்குப் பின்னால் போய்க் கெண்டைக்கால் பட்டியில் முடியும். கால் முன்னால் போகும்போது தளர்ந்து கிடக்கும். சாதாரணமாக நடக்கும்போதும் கால் அவ்வளவு பின்னால் போகாது. பின்னால் எட்டி வைக்கும்போது மட்டும் வார் விறைத்து, ஸ்பிரிங் காலை நீட்ட விடாமல் பிடித்துக்கொள்ளும். இன்று நீங்கள் இடுப்பில் ஒரு சென்சார் வைத்து மோட்டாருக்குச் சொல்லுகிறீர்களே, அதேதான். எல்லாம் வாரின் நீளத்தில் இருக்கிறது. ஓர் ஓட்டை குறைந்தால் முன்னால் நடக்கும்போதே முழங்காலை மடக்கிவிடும். ஓர் ஓட்டை கூடினால் பிடிக்கவே பிடிக்காது.

அந்த ஓட்டையைச் சிமெண்ட் தரையில் கண்டுபிடிக்க முடியாது. நானும் பாயும் சென்னியப்பனும் பஸ் ஏறித் தாராபுரம் போனோம். அங்கிருந்து வண்டி.

அன்று அவர்கள் முறை நாள். அம்மா எருது பூட்டி நிறுத்தியிருந்தாள். பங்காளி வரப்பில் வேப்பங்குச்சியோடு நின்றார்.

"ஏப்பா சென்னி, ஒரு சால் தண்ணிக்கு டவுன்லருந்து ரெண்டு பேரு வரோணுமா?"

அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "உனக்கென்னப்பா. அடுத்தவன் முறையில பயிர் வெச்சவன். உனக்கு ஒரு ஆளும் வேண்டியதில்ல."

சென்னியப்பன் காலிப்பரைக் கட்டக் குனிந்தான். நான் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"நான் ஏறிப் பாக்கறேன்."

"உங்க காலு நல்ல காலுங்களே" என்றான்.

"விழட்டும்."

அவன் என்னைவிட இரண்டு விரல் உயரம். பூட்ஸில் சாக்கை மடித்து வைத்துக்கொண்டேன். பத்து வருடத்துக்குப்பின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். எருதுகள் இறங்கின. வடத்தில் உட்கார்ந்தேன். எழுந்தேன். ஸ்பிரிங் தூக்கியது. மேலே ஏற்ற வேண்டும். பாய் என் பக்கத்திலேயே பின்பக்கமாக நடந்தார். வாரின் நுனியை இன்னும் ஓட்டையில் மாட்டாமல் விரலில் பிடித்திருந்தார், லகான் மாதிரி.

"காலை வேலை செய்ய விடாதீங்க மேஸ்திரி. செத்த காலா விடுங்க."

அது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது செய்து பார்க்க வேண்டும். நல்ல கால் தானாகவே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். அதை விட்டேன். காலைப் பின்னால் எறிந்தேன். ஸ்பிரிங் நீட்டியது. சென்னியப்பன் எப்படி விழுந்தானோ அப்படியே விழுந்தேன். முழங்கை இரண்டும் உரிந்தது. எருதின் வால் என் முகத்தில் பட்டது. அம்மா பாய்ந்து கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

கீழே கிடந்தபோது ஒன்று தெரிந்தது. தள்ளுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கிறது. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் இருக்கிறது. விழப் போகிறோம் என்று சென்னியப்பனுக்கு அதற்குள் தெரிந்திருக்கும்.

எழுந்தேன். "ரெண்டு ஓட்டை இறுக்குங்க பாய்."

"ஒண்ணு போதும்."

"ரெண்டு."

"மேஸ்திரி, வாரு என் வெரல்ல இருக்குது."

ஒன்று இறுக்கினார். ஏறினேன். பின்னால் வைத்த கால் மடங்கியபடியே நின்றது. அடுத்த எட்டு. அடுத்த எட்டு. கிணற்று மேடு முதுகில் பட்டது. சாலில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. ஆறு தடவை இறங்கி ஏறினேன். பிறகுதான் கழற்றி அவனுக்குக் கட்டினேன்.

சென்னியப்பன் மதியம் வரை இறைத்தான். முதல் பத்துச் சாலுக்குப் பாய் கூடவே நடந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கடைசிப் புகையிலைப் பாத்தி வரை போனது. அம்மா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டு போனாள். ஒவ்வொரு பாத்தி நிறைந்ததும் நிமிர்ந்து சரிவைப் பார்ப்பாள். கையில் இன்னும் துணி இருந்தது. பங்காளி வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டுப் போனார். வெயில் ஏறியதும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு "சரி, முறை நடக்குது" என்று சொல்லிப் போனார்.

கம்பஞ்சோறு போட்டாள் அம்மா. முதல் இலை பாய்க்கு. இரண்டாவது எனக்கு. உரிந்த முழங்கையோடு உட்கார்ந்து, அந்த முதல் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் அதைத்தான் பார்த்தேன்.

கோயம்புத்தூர் வந்ததும் டாக்டர் காலிப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தார். வாரை இழுத்தார், விட்டார், என்னைப் பார்த்தார்.

"ரங்கசாமி, இது யாரோட யோசனை?"

பாய் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். பட்டறையில் செய்ததுங்க என்று சொல்ல வாய் வந்தது. பொய்யும் இல்லை. யாரும் கேட்கப் போவதுமில்லை. அந்த அம்மாவின் கைத்துணி ஞாபகம் வந்தது.

"பாயோடதுங்க. தை மாசமே சொன்னாரு. நான்தான் கேக்கலை."

டாக்டர் காலிப்பரை மேஜைமேல் வைத்தார். என் தோளில் கை வைக்கவில்லை. பாய் தலையைத் தூக்கினார்.

"வாரு என்னுதுங்க டாக்டர். மொதல்ல ஏறி விழுந்தது மேஸ்திரி."

அதைக் கேட்டதும் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசை. தீரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்காது. பொறாமையோடு அதுவும் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் டாக்டர் அவர் மேஜையை வாசல் பக்கம் போட்டார், வருகிறவர்கள் முதலில் அவரைப் பார்க்கட்டும் என்று. என் வைஸ் உள்ளே போயிற்று. வெளிச்சம் குறைவு. பதினொரு வருடம் அங்கேயே வேலை செய்தேன்.

பாய் காலமான பிறகு வாசல் மேஜைக்கு நான் வந்தேன். முதல் நாள் ஒரு பெண் வந்தாள். ஒரு காலை இழுத்துக்கொண்டு. டேப்பை எடுத்தேன். கீழே வைத்தேன். தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் அதற்குப் பிறகு ஒரு கருவியும் செய்யவில்லை. பின்னுக்கு நடக்கவிடாமல் ஒன்றையும் அனுப்பவில்லை. நேற்று உங்கள் மேடையில் நான் கேட்டதும் அதுதான். கேட்கும்போதெல்லாம் என் வாயில் அவர் குரல்தான் வருகிறது. அது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் கேட்கிறேன்.